விஎம் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளத் தனியுரிம இயங்குதளம் ஒன்று கட்டாயம் வேண்டுமா?

சாவிக்கொத்து:
எங்களிடம் நான்கு சர்வர்கள், அவற்றின் மேல் 38 விஎம்கள் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகள்). 31 லினக்ஸ், மீதி ஏழு விண்டோஸ். நிர்வாகம் பார்க்கும் மூன்று பேருமே லினக்ஸ் மடிக்கணினிக்காரர்கள். ஆனால் விஎம்களை ஓட்டும் மென்பொருளான எங்கள் ஹைப்பர்வைசரின் மேலாண்மைக் கருவி (பெயர் வேண்டாம்) ஒரு தனியுரிம இயங்குதளத்தில்தான் திறக்கும். அதற்கென்றே ஒரு கணினிப் பெட்டி மூலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் டேட்டாபேஸ் விஎம் ஒன்று தொங்கிவிட்டது. கன்சோலை, அதாவது அந்த விஎம்மின் திரையைப் பார்க்கலாம் என்று அந்தப் பெட்டிக்குள் போனால், அது அப்டேட் போட்டுக்கொண்டு 30 சதவீதத்தில் நிற்கிறது. இருபத்தைந்து நிமிடம் மூன்று பேரும் சுழலும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நோயாளி ஓர் அறையில், அந்த அறைச் சாவி பூட்டிக்கிடக்கும் இன்னோர் அறையில். இந்தப் பெட்டியை ஒழித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கருப்புத்திரை:
ஒழித்துப் பல வருடம் ஆயிற்று. கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் 2007இல், 2.6.20 பதிப்பிலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. அதன் மேல் லிப்விர்ட் என்ற மேலாண்மை மென்பொருளைப் போட்டால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் வழி) இருக்கிற எந்தக் கணினியிலிருந்தும் விர்ஷ் கட்டளையால் எல்லாம் செய்யலாம். ஜன்னல், பொத்தான் வேண்டும் என்றால் விர்ட்-மேனேஜர் அதே எஸ்எஸ்எச் வழியாகப் பேசும். உலாவி போதும் என்றால் காக்பிட். கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் பல சர்வர்கள்) வேண்டும் என்றால் டெபியன் லினக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் பிராக்ஸ்மாக்ஸ். 8006 போர்ட்டில் பக்கம் திறக்கும், கன்சோலும் அங்கேயே வரும்.

எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு விஎம்மின் வரையறையும் வெறும் எழுத்துக் கோப்பு. லிப்விர்ட்டில் எக்ஸ்எம்எல், பிராக்ஸ்மாக்ஸில் இருபது வரிகூட இருக்காது. எத்தனை சிபியு, எவ்வளவு மெமரி, டிஸ்க் எங்கே இருக்கிறது, மேக் முகவரி என்ன, எல்லாம் கண்ணால் படிக்கலாம். மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் போட்டு வைத்தால் யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் தெரிந்துவிடும்.

நிதானம்:
கருப்புத்திரை, கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீட்டையே மாற்றச் சொல்கிறீர்கள். அவர் கேட்டது ஒரு பெட்டியைத் தூக்குவது பற்றி. நீங்கள் சொல்வது 38 விஎம்களை இடம் மாற்றுவது.

சாவிக்கொத்து, உங்களுடையது மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி என்றால் அந்த ஹோஸ்டிலேயே (விஎம்களைத் தாங்கும் சர்வரிலேயே) ஓபன்எஸ்எஸ்எச் சேவையை இயக்கிவிட்டு, மடிக்கணினியிலிருந்து நேரே உள்ளே போய் பவர்ஷெல் கட்டளைகளை ஓட்டலாம். விஎம்வேர் என்றால் உலாவி போதும். கட்டளைக்கு கோவிசி (govc) என்ற சின்னக் கருவி லினக்ஸிலேயே ஓடும். ஒரு மதிய வேலை. இதற்குப் போய் ஹைப்பர்வைசரையே மாற்றுவது எனக்கு ஆசையாகத்தான் தெரிகிறது, தேவையாக அல்ல.

கருப்புத்திரை:
பெட்டி போய்விடும், சரி. சார்பு போகுமா? விஎம்வேரையே பாருங்கள். முதலில் விண்டோஸில் மட்டும் ஓடும் கிளையன்ட். 2016இல் 6.5 பதிப்போடு அதைக் கைவிட்டார்கள். இடையில் ஃப்ளாஷ் என்ற உலாவிச் செருகுநிரலை நம்பி ஒரு வலைப் பக்கம். 2020 முடிவில் ஃப்ளாஷே போய்ச் சேர்ந்தது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது, டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. 2024 பிப்ரவரியில் அவர்களின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு நின்றது, 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் நிறுத்தும்போதும் நம்மைக் கேட்கவில்லை, கொடுக்கும்போதும் கேட்கவில்லை. இலவசமாகக் கிடைத்த ஹைப்பர்-வி சர்வரும் 2019 பதிப்போடு முடிந்தது.

நிதானம்:
கட்டற்ற (மூல நிரல் திறந்த) பக்கம் மட்டும் எல்லாம் நிலையா? ரெட் ஹாட் தன் ஓவிர்ட் என்ற கட்டற்ற திட்டத்தின் வழிவந்த மெய்நிகராக்கப் பொருளை 4.4 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. சென்டோஸ் 8 லினக்ஸுக்கு 2029 வரை ஆயுள் என்று நம்பியிருந்தோம், 2021 முடிவிலேயே மூடிவிட்டார்கள். அன்றைக்கும் நம்மை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. நானும் இரண்டு நோடு (கிளஸ்டரில் சேரும் சர்வர்) வைத்து பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் கட்டியவன்தான். ஒரு ஞாயிறு இரவு ஒரு நோடின் மதர்போர்டு போய்விட்டது. இன்னொன்று நன்றாகத்தானே இருக்கிறது, விஎம்களை அதில் கிளப்பலாம் என்று பார்த்தால் ஒன்றும் கிளம்பவில்லை. இரண்டில் ஒன்று என்பது பெரும்பான்மை ஆகாது, அதனால் க்வோரம் (கிளஸ்டர் முடிவெடுக்கத் தேவையான வாக்கு எண்ணிக்கை) இல்லை, அதனால் அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவே படிக்க மட்டும் என்று பூட்டிக்கொண்டது. க்வோரம் போனால் நிலைமை கோரம் என்பது அன்றைக்குப் புரிந்தது. எதிர்பார்க்கும் வாக்கை ஒன்றாகக் குறைக்க ஒரே வரிக் கட்டளை உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிழை என்னுடையதுதான், மூன்றாவது வாக்குக்கு ஒரு சின்னக் கணினியாவது வைத்திருக்க வேண்டும். ஆனால் ஞாயிறு இரவு தொலைபேசியில் கூப்பிட எனக்கு யாரும் இல்லை என்பதும் உண்மை.

கருப்புத்திரை:
தொலைபேசி வேண்டுமென்றால் கட்டற்றதிலும் காசு கொடுத்து ஆதரவு வாங்கலாம். பிராக்ஸ்மாக்ஸ் சந்தா சிபியு சாக்கெட் கணக்கில். கட்டற்றது என்றால் ஓசி என்று யார் சொன்னது? சென்டோஸ் கதையில் ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். மூல நிரல் கையில் இருந்ததால்தான் அதற்கு மாற்றாக ஆல்மா, ராக்கி என்ற லினக்ஸ்கள் 2021இலேயே வந்துவிட்டன.

அரைவட்டம்:
இரண்டு பேர் சண்டையில் தலையிடவில்லை. மாற்றுவதென்று முடிவு செய்தால் இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

விண்டோஸ் விஎம்மின் டிஸ்க்கை நேரே விர்ட்டையோவுக்கு (விஎம்களுக்கென்றே உள்ள டிஸ்க் இணைப்பு வகை) மாற்றிக் கிளப்பினால், பூட் டிஸ்க்கே தெரியவில்லை என்று நீலத்திரை வரும். உள்ளே டிரைவர் இல்லை, அவ்வளவுதான். முதலில் வழக்கமான சாட்டா இணைப்பாக வைத்துக் கிளப்புங்கள். கூடவே 1 ஜிபியில் ஒரு வெற்று விர்ட்டையோ டிஸ்க்கை ஒட்டி, டிரைவரை நிறுவுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு, பூட் டிஸ்க்கை மாற்றி, வெற்று டிஸ்க்கைக் கழற்றலாம். விஎம்களை இடம் மாற்றும் கருவியான விர்ட்-வி2வி இதைத் தானாகவே செய்ய முயலும்; கைமுறை தெரிந்திருப்பதும் நல்லது.

லினக்ஸ் விஎம்மில் டிஸ்க் பிரச்சினை குறைவு. நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிவிடும். விஎம்வேரில் இஎன்எஸ்192 என்று இருந்தது பிராக்ஸ்மாக்ஸில் பெரும்பாலும் இஎன்எஸ்18 ஆகிவிடும். பழைய பெயருக்கு எழுதிய ஐபி அமைப்பு அநாதையாக நிற்கும். விஎம் கிளம்பும், பிங் போகாது, நீங்கள் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சிபியு வகையை "ஹோஸ்ட்" என்று வைத்துவிட்டு, வேறு தலைமுறை சிபியு உள்ள நோடுக்கு ஓடும் நிலையிலேயே நகர்த்தாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் விழலாம்.

சாவிக்கொத்து:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரண்டு பேர் சொன்னதையும் பாதிப் பாதி செய்தேன்.

நிதானம் சொன்னபடி பழைய ஹோஸ்ட்களுக்குக் கட்டளை வழி போட்டாயிற்று, பெட்டி இல்லாமலே கன்சோல் தவிர மற்றதெல்லாம் முடிகிறது. அவசரம் தணிந்துவிட்டதால் ஒரு சர்வரைக் காலி செய்து டெபியனும் கேவிஎம்மும் போட்டேன். மூன்று லினக்ஸ் விஎம்களை நகர்த்தினேன். அரைவட்டம் எச்சரித்தும், முதல் விஎம்மில் ஃபயர்வாலை அரை மணி நேரம் திட்டினேன்.

பிறகு ஒரு விஷப்பரீட்சை. ஒரு விஎம்மின் வரையறையை வேண்டுமென்றே அழித்தேன். கிட்டிலிருந்த எக்ஸ்எம்எல்லை எடுத்து விர்ஷ் டிஃபைன், விர்ஷ் ஸ்டார்ட். விஎம் வந்துவிட்டது. இதைப் பழைய அமைப்பில் செய்து பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

ஆனால் மூலைப் பெட்டி முழுசாகச் சாகவில்லை. எங்கள் ஸ்டோரேஜை (டிஸ்க்குகள் அடங்கிய தனிச் சாதனத்தை) அமைக்கும் மென்பொருள் அந்தத் தனியுரிம இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். அதனால் பெட்டியையே விஎம்மாக்கி கேவிஎம்மில் ஏற்றிவிட்டேன். தேவைப்படும்போது மட்டும் கிளப்புவோம்.

நிதானம்:
நல்லது. ஒரே ஒரு கேள்வி. அந்த விஎம்மின் டிஸ்க் எங்கே இருக்கிறது?

சாவிக்கொத்து:
அதே ஸ்டோரேஜில்.

சரி, புரிகிறது. இன்று மாலையே சர்வரின் உள் டிஸ்க்குக்கு மாற்றிவிடுகிறேன்.