ஜெல் கோட் சுருங்கி எழும்பிவிட்டது: பாய்மரப் படகு அச்சில் எங்கே தவறு?

கேள்வி (காரைக்குடி):
எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில், பத்தடி நீளப் பாய்மரப் படகு ஒன்றைப் பைபரில் (கண்ணாடி இழையில்) செய்து வருகிறேன். குழி அச்சுக்குப் பலமுறை மெழுகு தேய்த்து, படகு அச்சில் ஒட்டாமல் கழல உதவும் பி.வி.ஏ. திரவத்தைப் பூசிக் காய்ந்தபின், படகின் வெளித்தோலாக அமையும் வெள்ளை ஜெல் கோட்டைத் தூரிகையால் அடித்தேன். மூன்று மணி நேரம் கழித்து கண்ணாடி இழை விரிப்பான மேட்டை விரித்து, ரெசின் என்ற பிசினில் நனைத்து, ரோலர் உருட்டினேன். கால் மணி நேரத்திற்குள், ஆறிய பாலில் ஆடை சுருங்குவதுபோல, அடிப்பாகத்தில் பாதியளவுக்கு ஜெல் கோட் அச்சைவிட்டு எழும்பிச் சுருங்கிவிட்டது. காரணம் மெழுகா, சித்திரை வெயிலா?

பதில் (தொண்டி):
மெழுகின்மேல் பழி போடாதீர்கள், தம்பி. எத்தனை சதுர மீட்டருக்கு எவ்வளவு ஜெல் கோட் அடித்தீர்கள், அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் எத்தனை கிராம் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஏறத்தாழ 5 சதுர மீட்டருக்கு 1 கிலோ, அண்ணே. பெயிண்டைப் போல மெல்லிதாக இருந்தால்தான் வழவழப்பு வரும் என்று எண்ணினேன். வெயிலில் சீக்கிரம் இறுகிவிடுமோ என்று பயந்து, கேட்டலிஸ்ட் 6 கிராம் மட்டுமே விட்டேன்.

பதில் (தொண்டி):
உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஜெல் கோட் அரை மில்லிமீட்டர் கனமாவது நிற்க வேண்டும். அதற்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிராம் பிடிக்கும். நீங்கள் அடித்தது 200 கிராம். அவ்வளவு மெல்லிய பூச்சில், இறுகுவதற்குத் தேவையான சூடு தங்காது. அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானும் காற்றில் பறந்துவிடும். கேட்டலிஸ்டும் 1 முதல் 2 சதவீதம் வேண்டிய இடத்தில் 0.6 சதவீதம்தான் விழுந்திருக்கிறது. இப்படி அரைகுறையாக இறுகிய பூச்சின்மேல் புது ரெசினை ஊற்றியதும், அதன் ஸ்டைரீன் உள்ளே ஊறி, பூச்சை உப்பவைத்துச் சுருக்கிவிட்டது. வெயிலுக்குப் பயந்தால் விடியற்காலையில் வேலை செய்யுங்கள். கேட்டலிஸ்டைக் குறைக்காதீர்கள்.

அடுத்த முறை ஒரு மூலையில் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு இருக்கலாம், அது மேட் நன்றாகப் பிடிப்பதற்கு நல்லதுதான். ஆனால் விரலில் வெள்ளை ஒட்டக் கூடாது. முதல் அடுக்காகச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட்டை மட்டும் போட்டு, காற்றுக் குமிழியை ரோலரால் வெளியேற்றி, இறுகவிட்ட பிறகே 450 கிராம் மேட்டும் ரோவிங் என்ற நெய்த இழைத் துணியும் போட வேண்டும். ஜெல் கோட்டுக்கு நேர் பின்னால் ரோவிங்கைப் போட்டால், பளபளக்கும் வெளிப்புறத்தில் பாய்முடைச்சல் போன்ற தடம் தெரியும். பாய்மரத்தின் அடி ஊன்றும் இடத்துக்கும் அதன் கம்பிகளைக் கட்டும் இடத்துக்கும் கூடுதல் அடுக்கு வேண்டும்; மீன்பிடிப் படகில் இல்லாத இழுவிசை அங்கே உண்டு.

இன்னொன்று: இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே கேட்டலிஸ்டை விட வேண்டும்.

பதில் (ஆத்தங்குடி):
எங்கள் ஊர்த் தரைக்கல் செய்கிறவர்கள் கண்ணாடியின்மேல் முதலில் வண்ணக் குழம்பை ஊற்றி, சிமெண்டு கலவையைப் பிறகே நிரப்புவார்கள். பளபளப்பைத் தருவது கண்ணாடிதான், குழம்பு மெல்லிதாக இருப்பது அன்று. படகும் அப்படியே வெளியிலிருந்து உள்ளாகச் செய்யப்படுவதால், வழவழப்பை அச்சிடம் விட்டுவிட்டுக் கனத்தைக் கவனியுங்கள், தம்பி.

கேட்டவர்:
போட்டதை எல்லாம் பிளாஸ்டிக் ஆப்பால் நெம்பி உரித்தெடுத்துவிட்டு, அச்சைக் கழுவி, மறுபடி மெழுகிட்டேன். இம்முறை 3 கிலோ ஜெல் கோட்டுக்குத் தராசில் நிறுத்து 45 கிராம் கேட்டலிஸ்ட் விட்டு, காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி, இரண்டு பூச்சாக அடித்தேன். தொட்ட விரல் சுத்தமாக வந்தது. முதல் மேட் நேற்று இறுகியது. சுருக்கம் எதுவும் இல்லை. ரோவிங் இன்று விடியற்காலையில் போட்டாயிற்று, அண்ணே.