காற்றடிக்கும் நாளில் பிள்ளைகளின் ராக்கெட்டுக்கு சி மோட்டார் கூடாதா?

டாலஸ்வாசி:
போன சனிக்கிழமை இங்கே டெக்சாஸில் ஒரு ராக்கெட் கிளப்பின் லாஞ்ச் நாளுக்குப் பிள்ளைகளோடு போயிருந்தோம். மகள் எஸ்டெஸ் கம்பெனியின் ஆல்ஃபா 3 கிட்டை (பாகங்களை ஒட்டிச் செய்யும் சின்ன ராக்கெட்) தானே ஒட்டி, சிவப்பு பெயின்ட் அடித்து, அந்த நாளுக்காகவே காத்துக்கொண்டிருந்தாள். சி6-7 என்ற வலுவான மோட்டாரைப் போட்டு வரிசையில் நின்றால், பரிசோதனை மேசையில் இருந்த பாதுகாப்பு அதிகாரி "காற்று மணிக்கு 15 மைல் வேகத்தில் அடிக்கிறது, இது வேண்டாம், இதைவிடச் சின்ன ஏ8-3 போட்டுக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளில் 20 மைல் காற்று வரை விடலாம் என்றுதான் இருக்கிறது. சி மோட்டாருக்கு 400 அடி மைதானம் போதும் என்றும் இருக்கிறது, அந்தப் புல்வெளி அதைவிட எவ்வளவோ பெரிசு. இதில் இன்னொரு வேதனை, கொஞ்ச நேரத்தில் அதே மைதானத்தில் ஆளை விட உயரமான ராக்கெட் ஒன்றை, சியை விடப் பல மடங்கு பெரிய ஜே மோட்டாரில் விட்டார்கள். பெரியவர்களுக்கு ஒரு நியாயம், பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

நீலவானம்:
சகோ, அந்த அதிகாரி செய்தது சரி என்பதுதான் என் கருத்து. கணக்கு போட்டே பார்க்கலாம். ஆல்ஃபா 3 சி மோட்டாரில் ஆயிரம் அடியைத் தொட்டுவிடும். கிட்டோடு வரும் 12 அங்குல பிளாஸ்டிக் பாராசூட்டில் அது நொடிக்குச் சுமார் 12 அடி வீதம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக தரைக்கு வர 80 நொடிக்கு மேல் ஆகும். 15 மைல் காற்று என்றால் நொடிக்கு 22 அடி. அதாவது ராக்கெட் ஏறக்குறைய 1,800 அடி தள்ளிப் போய் விழும், மைலில் மூன்றில் ஒரு பங்கு! அங்கே இருப்பது பக்கத்துத் தோட்டமா, சாலையா, மின்கம்பியா? ஏ மோட்டாரில் 300 அடி போனால் 25 நொடியில் இறங்கிவிடும், 550 அடிக்குள் நடந்துபோய் எடுத்துக்கொண்டு வரலாம்.

கரிசல்காட்டான்:
கணக்கெல்லாம் சரிதான் நீலவானம், ஆனால் அது விதியா, அவருடைய சொந்த அபிப்பிராயமா? எழுதி வைத்த வரம்பு 20 மைல். அதற்குள் இருக்கிறவரை ராக்கெட்டைத் தொலைப்பதும் மீட்பதும் அதை விடுகிறவர் பாடு. இன்றைக்கு ஒருவர் 15 மைலில் வேண்டாம் என்பார், அடுத்த மாதம் மேசையில் உட்காருகிறவர் 12 மைலிலேயே வேண்டாம் என்பார். அப்புறம் எழுத்தில் விதி எதற்கு? இன்னொன்று, வலுவான மோட்டார் போட்டால் ராக்கெட் தன்னை நிறுத்தி வைத்திருக்கும் ஏவு கம்பியை விட்டுக் கிளம்பும்போதே நல்ல வேகம் பிடித்துவிடும், காற்றுக்கு எதிராகத் தலை சாயாது. சின்ன மோட்டாரில்தான் மெதுவாகக் கிளம்பி, காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு ஓடும். அந்த வகையில் பார்த்தால் அவர் கொடுத்த யோசனைதான் ஆபத்து.

நீலவானம்:
இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மோட்டாரின் மேல் எழுதியிருப்பதைப் பிரித்துப் படியுங்கள். எழுத்து என்பது மொத்த உந்தம், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கியது. ஏ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன் நொடி, பி 5, சி 10, டி 20, இப்படி ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டிப்பாகும். அடுத்த எண் சராசரி உந்துவிசை. சி6இல் 6 நியூட்டன், ஏ8இல் 8 நியூட்டன் என்று குறித்திருக்கிறார்கள். கடைசி எண், எரிந்து முடித்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் மருந்து வெடிக்க எத்தனை நொடி ஆகும் என்பது. ஆக ஏ8 ஒன்றும் நோஞ்சான் மோட்டார் இல்லை, அதில் மருந்து குறைவு என்பதால் ராக்கெட்டின் எடையும் கொஞ்சம் குறைகிறது, கம்பியை விட்டுப் போகும் வேகத்தில் பெரிய குறை வைக்காது. வித்தியாசம் எரியும் நேரத்தில் இருக்கிறது. ஏ8 ஒரு நொடிகூட எரியாது, சி6 ஏறக்குறைய 2 நொடி எரியும். தலை சாய்ந்துவிட்டால் சி6 அந்தச் சாய்ந்த திசையிலேயே தள்ளிக்கொண்டு போகும், அதுவும் காற்று வரும் பக்கம், பல இடங்களில் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே இருக்கலாம்.

அந்த ஜே ராக்கெட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜே மோட்டார் வாங்கவே எழுத்துத் தேர்வு எழுதி இரண்டாம் நிலைச் சான்றிதழ் எடுத்திருக்க வேண்டும், வான்வெளிக்கு விமானத் துறையின் அனுமதியும் வேண்டும். நம் பிள்ளைகளின் ராக்கெட்டுக்கு 15 அடி தள்ளி நின்றால் போதும், ஜேவுக்கு 100 அடி. அந்த அளவு ராக்கெட்டுகளில் பெரும்பாலும் உள்ளே உயரமானி இருக்கும், உச்சியில் ஒரு கைக்குட்டை அளவு பாராசூட்டை மட்டும் விட்டுவிட்டு வேகமாக இறங்கும், தரைக்குச் சில நூறு அடி இருக்கும்போதுதான் பெரிய பாராசூட் விரியும். அதனால் அத்தனை உயரம் போயும் பக்கத்திலேயே விழுகிறது. ஆளுக்கொரு நியாயம் என்று இதைச் சொல்ல முடியாது.

மூன்றாம்பிறை:
நான் இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு இதே மாதிரி மைதானங்களுக்குப் போகிற அம்மா. உயரம் உயரம் என்று நாம்தான் பேசுகிறோம். பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள், ஐந்திலிருந்து எண்ணிப் பொத்தானை அழுத்தி, புஸ்ஸென்று போனதும், பாராசூட் விரிந்ததா என்று ஒரு கத்தல் கத்துவார்களே, அதுதான் அவர்களுக்கு எல்லாம். அப்புறம் ஓடிப்போய் எடுத்து, பாராசூட் கருகாமலிருக்க உள்ளே வைத்த, இப்போது கருகியிருக்கும் தீப்பிடிக்காத தாளை உதறிவிட்டு, புதுத் தாளைக் கசக்கி வைத்து, பாராசூட்டை மடித்து, மறுபடி வரிசையில் நிற்பது. சி மோட்டாரில் ஒரே தடவை விட்டுவிட்டு மிச்ச நேரமெல்லாம் கண்ணுக்கெட்டாத தூரத்தில் தேடி அலைவதை எந்தப் பிள்ளை ரசிக்கும்? உயரமான மரத்திலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ எடுக்க முயலக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. மைதானத்திலேயே தொலைந்த ராக்கெட்டுக்காக அழுத பிள்ளையைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவது பெரிய பாடு.

ஆனாலும் டாலஸ்வாசி அண்ணாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வரிசையில் நிற்கவைத்துக் கடைசியில் சொல்வது தப்பு. காலையிலேயே "இன்று காற்று அதிகம், சின்ன ராக்கெட்டுகளுக்கு ஏ, பி மட்டும்" என்று ஒரு பலகை வைத்திருக்கலாமே.

கரிசல்காட்டான்:
பலகை வைக்கட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். கூடவே வழியையும் சொல்லிக்கொடுக்கட்டும். பாராசூட்டின் நடுவில் ஒரு வட்டத்தை வெட்டி எடுத்தால் வேகமாக இறங்கும், பாராசூட்டுக்குப் பதில் ஸ்ட்ரீமர் என்கிற நீளமான நாடாவைக் கட்டினால் இன்னும் வேகமாக இறங்கும். இப்படி மாற்றினால் சி மோட்டாரும் விடலாமா, விடக் கூடாதா? மேசையில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பேசியிருந்தால் அந்தப் பிள்ளை ஒரு பாடமாவது கற்றிருக்கும். "வேண்டாம்" என்பது யாருக்கும் எதையும் சொல்லித்தராது.

பழையபஞ்சாங்கம்:
இந்தப் பொழுதுபோக்கு எதற்காகப் பிறந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். 1957இல் ஸ்புட்னிக் போனதும் அமெரிக்கா முழுக்கப் பையன்கள் தீக்குச்சி மருந்தையும் கண்ட ரசாயனத்தையும் குழாயில் அடைத்து விரலையும் கண்ணையும் இழந்தார்கள். அதற்கு முன்பே, 1954இல், நெப்ராஸ்காவில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் தன் சகோதரரோடு சேர்ந்து காகிதக் குழாயும் மாற்றிப்போடக்கூடிய மோட்டாரும் கொண்ட ராக்கெட்டைச் செய்துவிட்டார். அதைப் பார்த்து, ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் 1957இல் அந்தத் தேசிய ராக்கெட் சங்கத்தையே தொடங்கினார். மருந்தைத் தொழிற்சாலை அடைக்கட்டும், பையன்கள் ராக்கெட்டைச் செய்யட்டும் என்பதுதான் அடிப்படை. மேசையில் ஒருவர் ராக்கெட்டைக் கையில் வாங்கி, மூக்கைப் பிடித்து லேசாக இழுத்து, வால் பக்கத்து ஃபின்னை (சின்ன இறக்கையை) ஆட்டிப் பார்த்து, மோட்டார் நழுவாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாரே, அந்தக் கையை நம்பித்தான் இத்தனை வருடம் இது ஓடுகிறது. அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தே ஆக வேண்டும், விதியில் இருக்கும் 20 மைல் அதிகபட்ச வரம்பு மட்டுமே.

டாலஸ்வாசி:
உரிமை இருக்கட்டும் ஐயா, அதை நான் மறுக்கவில்லை. காரணத்தை ஒரு நிமிடம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நான் மாறப்போவதில்லை. நீலவானம் இங்கே போட்ட கணக்கை மகளிடம் காட்டினேன், அவளே நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, பி6-4இல் 600 அடி போனால் எவ்வளவு தள்ளி விழும் என்று கேட்கிறாள். 

நீலவானம்:
அதே பாராசூட், அதே காற்று என்றால் 1,100 அடி. நடுவில் வட்டம் வெட்டிவிட்டால் அதைவிடக் குறையும், எவ்வளவு என்று தரையிறங்கும் நேரத்தை அவளையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த லாஞ்சுக்கு ஸ்ட்ரீமரும் ஒன்று எடுத்துப் போங்கள்.

கரிசல்காட்டான்:
பலகை வைக்கச் சொல்லி அந்தக் கிளப்புக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.