டாக்டர் ஹூ ஆடியோ நாடகங்கள்: இவ்வளவு கதைகளை எங்கிருந்து ஆரம்பித்துப் பிடிப்பது?

நீலப்பெட்டி:
டாக்டர் ஹூ, காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்கிற ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியின் கதையைச் சொல்லும் பிரிட்டிஷ் டிவி தொடர். சாகும் நேரத்தில் அவர் வேறு உருவம் எடுத்துவிடுவார், அதனால் ஒவ்வொரு டாக்டராகவும் ஒரு நடிகர். 2005க்கு அப்புறம் டிவியில் வந்த எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். 2013இல் வந்த ‘த நைட் ஆஃப் த டாக்டர்’ என்ற குட்டிப் படத்தில் எட்டாவது டாக்டரான பால் மக்கான், உயிர் போகப் போகிற நேரத்தில் சார்லி, க்ரிஸ், லூசி, டாம்சின், மாலி என்று வரிசையாகப் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். இவர்களில் ஒருவரைக்கூட டிவியில் பார்த்ததில்லையே என்று தேடினால், எல்லோருமே பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஆடியோ நாடகங்களில் அவரோடு பயணம் செய்தவர்களாம். அன்றைக்கே பிடித்துக்கொண்டது ஆசை.

1999 ஜூலையில் வந்த முதல் கதையிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. ஒரு மாதம் ஒரு டாக்டர், அடுத்த மாதம் வேறொரு டாக்டர், மனது எதிலும் ஒட்டவில்லை. அந்த மாதாந்திர வரிசை மட்டுமே 2021 மார்ச்சில் 275ஆம் எண்ணில்தான் முடிந்திருக்கிறது. அத்தனையையும் வாங்கக் காசும் இல்லை, நேரமும் இல்லை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ் பயணம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். வரிசையாகக் கேட்டே ஆக வேண்டுமா?

பழைய ரேடியோ:
வேண்டவே வேண்டாம். அது வெளியீட்டு வரிசை, கதை வரிசை இல்லை. முன்பு டிவியில் டாக்டராக நடித்த பீட்டர் டேவிசன், காலின் பேக்கர், சில்வெஸ்டர் மெக்காய் மூவரையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள், அப்புறம் மக்கானும் சேர்ந்துகொண்டார். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் யாரோடும் பழக்கமே ஏற்படாது. ஒரு டாக்டரையும் கூட வரும் ஒரு ஆளையும் பிடித்துக்கொள்ளுங்கள், அவர்கள் கதையை மட்டும் பின்தொடருங்கள்.

உங்களை இழுத்து வந்தது மக்கான்தானே? அப்படியென்றால் 2001 ஜனவரியில் வந்த ‘ஸ்டார்ம் வார்னிங்’. டிவியில் அவருக்குக் கிடைத்தது 1996இல் ஒரே ஒரு படம், அதனால் அவருடைய டாக்டர் வளர்ந்ததே இந்த ஒலி நாடகங்களில்தான். கதை நடப்பது ஆர்101 என்ற ஆகாயக் கப்பலில். அது நிஜமாகவே இருந்த கப்பல். 1930 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சிக்குப் புறப்பட்டது, பிரான்ஸில் போவே ஊருக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்தது, 54 பேரில் 48 பேர் இறந்துபோனார்கள். அதில் ஆண் வேடத்தில் ஒளிந்து ஏறிய பெண்தான் சார்லி. வரலாற்றுப்படி அவள் அன்றைக்குச் செத்திருக்க வேண்டும், டாக்டர் காப்பாற்றிவிடுகிறார். அந்த ஒரு செயலுக்கான கணக்கு தீர 2002 ஜூனில் வந்த ‘நெவர்லேண்ட்’ வரைக்கும், ஏன் அதற்கு அப்புறமும் ஆகிறது.

2001இல் நாலு கதை, 2002இல் ஆறு, மொத்தம் பத்துதான். நடுவில் ‘த சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ வரும். அதைப் பற்றி எங்கேயும் படிக்காமல் கேளுங்கள்.

எவ்லின் கட்சி:
பழைய ரேடியோ சொன்ன முறை சரி, ஆனால் காலின் பேக்கரை யாராவது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் டிவியில் அவருக்கு நடந்தது அநியாயம். கண்ணைப் பறிக்கும் ஒட்டுப்போட்ட கோட்டை மாட்டிவிட்டார்கள், நடுவில் தொடரையே பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள், 1986இல் அவரை நீக்கியும்விட்டார்கள். ஆடியோவில் அந்தக் கோட்டு கண்ணில் படாது, குரல் மட்டும்தான், அந்தக் குரலில் எவ்வளவு கனிவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

நீங்கள் கேட்ட ஒன்பதில் ஆறாவதான ‘த மேரியன் கான்ஸ்பிரசி’யில் எவ்லின் ஸ்மைத் வந்திருப்பாரே, நினைவிருக்கிறதா? ஐம்பத்தைந்து வயது வரலாற்றுப் பேராசிரியை. டாக்டர் குரலை உயர்த்தினால் அம்மா அதட்டுவது மாதிரி அதட்டி உட்கார வைப்பார். மேகி ஸ்டேபிள்ஸ் நடித்தது, 2014இல் காலமாகிவிட்டார். அவர் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இவர்கள் ஜோடியில் ‘ஜூபிலி’ (2003) கேளுங்கள். லண்டன் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் ஒரு டாலெக்கோடு (இரும்புக் கூட்டுக்குள் வாழும், டாக்டரின் பழைய எதிரி இனம்) எவ்லின் பேசுகிற காட்சிகளை விட்டுவிடாதீர்கள். 2005இல் டிவியில் நீங்கள் பார்த்த ‘டாலெக்’ கதைக்கு இதுதான் விதை, இரண்டையும் எழுதியவர் ராபர்ட் ஷியர்மன்.

டேவிசனின் ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ (2002) தனியாகவே நிற்கும், முன்கதை எதுவும் வேண்டாம். மனிதர்களை இயந்திரமாக மாற்றும் சைபர்மேன்கள் எப்படி உருவானார்கள் என்ற கதை. பாதி இயந்திரமாக்கப்பட்ட மகள் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறாள், அப்பா அது யார் என்று புரிந்துகொள்கிறார். அந்த இடத்தில் நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தெற்கு வாசல்:
பஸ்ஸில் கேட்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கதை சொல்பவர் என்று யாரும் இதில் கிடையாது, எல்லாமே வசனமும் சத்தமும்தான். சின்ன வயதில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகிய எனக்கே முதல் பத்து நிமிடம் யார் குரல் எது என்று குழம்பும். கேட்பதற்கு முன்னால் நடிகர் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், பாதிச் சிரமம் போய்விடும். காதை அடைக்கிற மாதிரி இயர்ஃபோன் வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாகப் பேசுவதெல்லாம் பஸ் சத்தத்தில் கரைந்துவிடும்.

மாதாந்திர வரிசையில் பெரும்பாலும் அரை மணி அளவில் நாலு பாகம், போக இரண்டு, வர இரண்டு என்று ஒரே நாளில் ஒரு கதை முடியும். சார்லி முடிந்ததும், அதே மக்கானோடு பயணம் செய்யும் லூசி மில்லர் கதைகள். முதல் கதை ‘பிளட் ஆஃப் த டாலெக்ஸ்’ 2006 டிசம்பர் 31 அன்று பிபிசி ரேடியோ 7இல் ஒலிபரப்பானது. ஒவ்வொரு பாகமும் ஐம்பது நிமிடத்துக்குப் பக்கம், உங்கள் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் 2011இல் வந்த கடைசிக் கதை ‘டு த டெத்’ மட்டும் வீட்டில் கேளுங்கள், பஸ்ஸில் வேண்டாம்.

நீலப்பெட்டி:
மூன்று வாரம் ஆயிற்று, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ‘த சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’ முடித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, எட்வர்டு காலத்து வீடு, மணி அடிக்கும்போதெல்லாம் வேலைக்காரர்களில் ஒருவர் சாகிறார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசும் விதம்தான் உடம்பைச் சில்லிட வைக்கிறது. அந்தப் பெரிய கடிகாரத்தின் டிக் டிக் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். ஈடித் என்ற அந்தப் பாத்திரம் கழுவும் பெண்ணை யாரும் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, அதிலிருந்தே முழுக் கதையும் முளைக்கிறது. டிவியில் இதை இப்படிச் செய்திருக்கவே முடியாது.

‘நெவர்லேண்ட்’ முடிந்ததும் ‘ஸேக்ரியஸ்’ கேட்கலாமா? குழப்பம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

பழைய ரேடியோ:
கேளுங்கள், ‘நெவர்லேண்ட்’ நிற்கிற இடத்தில் விட்டுவிட்டுத் தூங்க முடியாது. ஆனால் நாலு மணி நேரத்துக்குப் பக்கம் ஓடும், ஐம்பதாவது கதை என்று பழைய நடிகர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வேறு வேறு வேடம் கொடுத்திருப்பார்கள், தெரிந்த குரல் தெரியாத ஆளாகப் பேசும். ஒரே மூச்சில் வேண்டாம், நாலு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் மறக்காமல் ‘ஷெர்ட்ஸோ’. டாக்டர், சார்லி, ஒரு சத்தம், அவ்வளவுதான் அதில். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.