அம்மம்மா வீடு வீடாகச் சொன்ன செபம்

அன்பான ஊரவர்களுக்கு,

அம்மம்மா கனடாவின் ஸ்காபரோவில் காலமான செய்தி உங்களில் பலருக்குத் தெரியும். நேரில் வந்தவர்களுக்கும் தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. 31ஆம் நாள் பூசை முடிந்த பிறகுதான் எனக்கு உட்கார்ந்து எழுத மனம் வந்தது. 1928இல் யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள எங்கள் மயிலிட்டியில் பிறந்தவர். 96 வயது. ஏழு பிள்ளைகள் பெற்று இருவரைத் தன் கையாலேயே அடக்கம் பண்ணியவர்.

அவருடைய செபமாலையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 1990 ஜூனில் போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியபோது மடியில் இருந்தது அது ஒன்றுதான். மல்லாகத்து அகதி முகாமில் நூல் அறுந்து ஒரு பெரிய மணி தொலைந்துபோக, அம்மப்பா வலை பொத்துகிற நைலோன் நூலில் மறுபடி கோத்து, தொலைந்த மணிக்குப் பதிலாக வீச்சு வலையின் ஈயக்குண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு லூர்துவிலிருந்து யார் எவ்வளவு அழகான மாலை கொண்டுவந்தாலும் முத்தி செய்து அலுமாரியில் வைத்துவிடுவார். இருட்டில் உருட்டும்போது விரலில் பாரம் தட்டினால் நாலாம் பத்து தொடங்குகிறது என்று அவருக்குக் கணக்கு.

செபமாலை முடிந்தாலும் நாங்கள் எழும்ப முடியாது. அப்புறம்தான் அவருடைய சொந்தச் செபம். கடற்கரைப் பக்கத்து முதல் வீட்டில் தொடங்கி, ஒழுங்கை ஒழுங்கையாக வந்து, ஒவ்வொரு வீட்டிலும் செத்தவர்களின் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம். சைவ வீடுகளையும் விடமாட்டார். சின்ன வயதில் நான் ஒருநாள் முழங்கால் நோவில் கேட்டேன், அவர்கள் வேதக்காரர் இல்லையே என்று. "அவையின்ர ஆம்பிளையளும் எங்கட கடலிலதானே போனவை" என்றார். அதோடு சரி, நான் பிறகு கேட்கவில்லை.

வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த 1995 அக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிபட்டுப் போனதை அவர் அதிகம் பேசியதில்லை. மடு மாதா கோயிலைப் பற்றி என்றால் விடிய விடியப் பேசுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனபோது பெட்டிக்குள் மடு மண் ஒரு பொட்டலம் வைத்தார். பாம்பு தீண்டாது என்பது நம் பெரியவர்களின் நம்பிக்கை அல்லவா. பாரிசில் பாம்பு இல்லை அம்மா என்று மாமா சொன்னதற்கு, "சரி, இருக்கட்டும், கொண்டு போ" என்றாராம். அந்தப் பொட்டலம் இன்றும் மாமாவின் பாஸ்போட்டோடுதான் இருக்கிறது. கனடா வந்த பிறகு கோடையில் ஒன்ராறியோவின் மிட்லன்ட் திருத்தல யாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஆவணி வந்தால் மாமா லூர்துவிலிருந்தும் சின்னம்மா ஜெர்மனியின் கேவலார் மாதா திருத்தலத்திலிருந்தும் அழைத்து, சுற்றுப்பிரகாரத்தின் பாட்டைத் தொலைபேசியில் கேட்கவைக்க வேண்டும்.

2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. அடுத்த வருடம், 90 வயதில், கூட்டிக்கொண்டு போ என்று ஒரே பிடிவாதம். போனோம். 27 வருடம் பூட்டிக் கிடந்த இடத்தில் வீடும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. பற்றைதான். எங்கள் கிணற்றைக் கண்டுபிடித்ததும் அதன் கட்டின் மேல் உட்கார்ந்து மாலையை எடுத்தார். வழக்கமான அந்தச் செபத்தை இந்த முறை விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். "இதில படலை. அதில வேம்பு. வேம்புக்கு அங்கால மற்ற வீடு." காணி பார்க்க வந்திருந்த இரண்டு குடும்பங்கள் அவர் காட்டிய பக்கம் பற்றையை வெட்டித்தான் தங்கள் அத்திவாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒரு அண்ணன் கிணற்றடிக்குத் திரும்பி வந்து அம்மம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியாது.

கடைசி மாரிக்காலத்தில் பக்கத்தில் இருந்து அந்தச் செபத்தை அப்படியே கொப்பியில் எழுதினேன். 64 வீடுகள். முருங்கையடி வீட்டுக்கு வரும்போது மட்டும் பெயர் சொல்லாமல் "முருங்கையடிப் பிள்ளை" என்பார். யார் என்று கேட்டேன். ஞானஸ்நானம் கொடுக்க முன்னமே போன குழந்தையாம். தாயும் தகப்பனும் எப்போதோ போய்விட்டார்கள், கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. "நானும் சொல்லாட்டி அதுக்கு ஆர் சொல்லுறது?"

கொப்பியை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது விடுபட்டிருந்தால், பெயர் பிழைத்திருந்தால், நவம்பர் 2 மரித்தோர் திருநாளுக்கு முன் எழுதுங்கள். சைவ வீட்டுக்காரரும் எழுத வேண்டும்.

பெட்டியில் அவர் கையில் சுற்றியது லூர்து மாலை. அது அவரே சொல்லி வைத்த ஒழுங்கு. ஈயக்குண்டு மாலை இப்போது என் அம்மாவிடம். நேற்று இரவு அம்மா கொப்பியைப் பார்த்து முதல் வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். முருங்கையடிக்கு அடுத்தது எங்கள் வீடு. அதில் அம்மப்பாவின் பெயருக்குக் கீழே அம்மம்மாவின் பெயரை எழுதிவிட்டு, அதற்கும் ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.