மறுமொழி: எலக்ட்ரோலைசரும் இருவழிக் கலமும்

நண்பர்களுக்கு வணக்கம். தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் எலக்ட்ரோலைசருக்கும், பிரிப்பதோடு அவற்றைச் சேர்த்து மின்சாரமும் தரும் கலத்துக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நம் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம், அதற்கு என் பதில் இது.

எலக்ட்ரோலைசருக்கு ஐயா சொன்ன 'மின்பகுப்பி' நல்ல சொல்தான். ஆனால் கலத்துக்குள் மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரோலைட்டுக்கு 'மின்பகுளி' என்பது பாடநூல்களில் ஊன்றிவிட்டது. பகுளியும் பகுப்பியும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள், காதால் கேட்டால் இன்னும் மோசம். தைப்பிங் அக்காவின் 'நீர்மின்பகுப்பி'யும் சரிவராது. 'நீர்மின்' என்றதும் அணைதான் நினைவுக்கு வரும். சரவாக் மாநிலத்தின் கூச்சிங்கில் 2019 முதல் மின்பகுப்பில் ஹைட்ரஜன் தயாரிக்கிறார்கள். சரவாக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணைகளிலிருந்தே வருவதால், அதைப் பற்றி எழுதும்போது எது அணை, எது பொறி என்று குழம்பும்.

தனிக்கலத்தை 'மின்பகுப்புக் கலம்' என்றே வைத்துக்கொள்ளலாம். அடுக்குச் சட்டி போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்களை அடுக்கியது 'கல அடுக்கு'. முழு இயந்திரம் 'மின்பகுப்புப் பொறி'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

எனக்கு இதைவிட உறுத்துவது மின்வாய்ப் பெயர்கள், அதாவது கலத்தில் கம்பியை இணைக்கும் இரு பக்கங்களின் பெயர்கள்.

பட்டர்வொர்த்தில் என் சனிக்கிழமை வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கலத்தைக் காட்டினேன். சூரியத் தகட்டை இணைத்தால் தண்ணீர் பிரிந்து ஒரு குழாயில் ஹைட்ரஜனும் மற்றதில் அதில் பாதி அளவு ஆக்சிஜனும் சேரும். தகட்டைக் கழற்றிக் குட்டி விசிறியை மாட்டினால், அதே கலம் அந்த வாயுக்களைச் சேர்த்து மின்சாரம் தரும். ஆக்சிஜன் பக்கத்தை முதலில் அனோடு, நேர்மின்வாய் என்றேன். விசிறி சுற்றும்போது அதையே கேத்தோடு, எதிர்மின்வாய் என்றேன். ஒரு மாணவி சிவப்புக் கம்பியைத் தொட்டுக்காட்டி, "இது மாறவே இல்லையே சார், அப்புறம் எப்படி எதிர் ஆச்சு?" என்றாள்.

அவள் கேட்டது சரி. இரண்டு வேலையிலும் ஆக்சிஜன் பக்கம் நேர்மின் பக்கம்தான். மாறுவது மின்னோட்டத்தின் திசை. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றுக்குப் போகும் முனை அனோடு, வெளியிலிருந்து வந்து சேரும் முனை கேத்தோடு. 1834-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இந்தப் பெயர்களை அறிஞர் வில்லியம் ஹியூவெல்லோடு கடிதத்தில் கலந்து பேசித்தான் முடிவு செய்தார். கிரேக்கத்தில் அவற்றுக்கு மேல்வழி, கீழ்வழி என்று பொருள். நாம் வழியை விட்டுவிட்டு நேர், எதிர் என்று குறியை ஒட்டிவிட்டோம். மின்பகுப்பில் பொருந்திய அது, வாயுக்களைச் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில் தலைகீழாகிறது. அனோட்டு, கதோட்டு என்றே வைத்துக்கொண்ட இலங்கைப் பாடநூல்களில் இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே 'ஆக்சிஜன் வாய்', 'ஹைட்ரஜன் வாய்' என்று வாயுவை வைத்தே அழைப்போம். கலம் எந்தப் பக்கம் ஓடினாலும் பெயர் மாறாது.

இப்படி இரண்டு வேலையும் செய்யும் கலத்துக்கு 'மீள் எரிபொருள் கலம்' என்ற பெயர் வேண்டாம். எரிபொருளை மீண்டும் நிரப்புவது போலத் தொனிக்கிறது. அதோடு வெப்ப இயக்கவியலில் 'மீள்' என்றால் இழப்பே இல்லாத செயல்முறை. இங்கே நடப்பது வேறு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இன்றைய பொறிகள் 50 முதல் 55 யூனிட் வரை மின்சாரம் எடுக்கின்றன, திரும்பக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. 'இருவழிக் கலம்' போதும். ஜார்ஜ்டவுனில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் இருவழி என்றால் உடனே புரியும், ஃபாரடேயின் வழியும் அதில் திரும்பி வருகிறது.

'ஆக்சிஜன் வாய்' என்பதா, 'ஆக்சிஜன் முனை' என்பதா என்பதில் மட்டும் உங்கள் கருத்து வேண்டும். வாயு வந்து போகிற இடம் என்பதால் எனக்கு 'வாய்' பிடித்திருக்கிறது. அடுத்த வாரம் வகுப்புச் சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் சொல்லுங்கள்.