வுசுர்கான்: ‘பிரபுக்கள்’ போதுமா, ‘பெருங்குடி’ என்போமா?

வணக்கம்.

பழைய ஈரானை ஆண்ட சாசானியர் பற்றிய கட்டுரையில், வுசுர்கான் முதலிய உயர்குடியினரைக் குறிக்கப் ‘பிரபுக்கள்’ என்ற சொல்லே போதும், எல்லாருக்கும் புரியும் என்று ஐயா சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். சாசானிய அரசர் முதலாம் குஸ்ரோ (531–579) பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ‘பிரபுக்களை ஒடுக்க அரசர் பிரபுக்களை வளர்த்தார்’ என்று ஒரு வரி விழுந்திருந்தது. படிப்பவர் என்னதான் செய்வார்?

ஒடுக்கப்பட்டவர்களும் வளர்க்கப்பட்டவர்களும் வேறு வேறு ஆட்கள். சாசானிய அரசர் முதலாம் ஷாப்பூரின் ஹாஜியாபாத் கல்வெட்டு, அரசர் அம்பு எய்தபோது உடனிருந்தவர்களை நான்கு படியாக வரிசைப்படுத்துகிறது: ஷஹர்தாரான், வாஸ்புஹ்ரகான், வுசுர்கான், ஆசாதான். முதல் படிக்குக் ‘குறுநில மன்னர்’ சரியாகப் பொருந்தும். இரண்டாவது அரச குலத்தார். சிக்கல் மூன்றாவதில்தான்.

‘வுசுர்க்’ என்றால் பெரிய. சூரேன், காரேன், மிஹ்ரான் போன்ற குடும்பங்கள் இவை. சொந்த நிலம், சொந்தப் படை, தலைமுறை தலைமுறையாக வரும் பதவி. சாசானியருக்கு முன் ஈரானை ஆண்ட பார்த்தியர் காலத்திலேயே அரசருக்கு முடிசூட்டும் உரிமை சூரேன் குடும்பத்திடம் இருந்தது. கி.மு. 53-இல் கார்ஹேயில் ரோமானியரை முறியடித்த தளபதி அந்தக் குடும்பத்தவர்தான். அவர் புகழைப் பொறுக்காமல் பார்த்திய அரசர் இரண்டாம் ஒரோடஸ் அவரைக் கொன்றார்.

குஸ்ரோவின் தந்தை கவாத்தின் கதை இன்னும் தெளிவு. காரேன் குடும்பத்துச் சுக்ரா 488-இல் அவரை அரியணையில் ஏற்றினார், அப்புறம் ஆட்சியையே கையில் வைத்துக்கொண்டார். கவாத் மிஹ்ரான் குடும்பத்து ஷாப்பூரை வரவழைத்துச் சுக்ராவை வீழ்த்தினார். ‘சுக்ராவின் காற்று ஓய்ந்தது, மிஹ்ரானின் காற்று வீசுகிறது’ என்பது பழமொழியாகவே ஆனது. இங்கே மோதுவது தனி மனிதர்கள் அல்ல, குடிகள். 496-இல் கவாத்தையே இறக்கித் தம்பி ஜாமாஸ்பை அமர்த்தியதிலும் இந்தப் படியினரின் கை உண்டு. ‘பிரபு’ என்ற சொல்லில் இந்தக் குடி தெரிவதே இல்லை. ‘நிலப்பிரபு’ என்றாலோ ஜமீன்தார்தான் கண்முன் வந்து நிற்கிறார்.

அதனால் குடும்பத்துக்குப் ‘பெருங்குடி’, அதன் தலைவருக்குப் ‘பெருங்குடித் தலைவர்’ என்று முன்வைக்கிறேன். ‘பெருங்குடியர்’ என்று நிறுத்தாததற்குக் காரணம் உண்டு. இப்பர், கவிப்பர், பெருங்குடியர் என்று வணிகரைப் பிரிக்கும் பழைய வழக்கு இருக்கிறது, அதோடு குழம்பும்.

குஸ்ரோ குதிரையும் சம்பளமும் கொடுத்து வளர்த்த, சிறு நில உரிமையாளர்களான தெஹ்கான்களுக்கு ‘ஊர்க்கிழார்’ நன்றாக அமைகிறது. ‘தெஹ்’ ஊரைக் குறிக்கும். நம் ‘கிழார்’ நிலத்துக்கு உரியவர். இப்போது அந்த வரியை எழுதிப் பாருங்கள்: ‘பெருங்குடிகளை ஒடுக்க அரசர் ஊர்க்கிழார்களை வளர்த்தார்.’ புரிகிறது அல்லவா?

நான்காம் படியான ‘ஆசாதான்’ மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. ‘ஆசாத்’ என்றால் யாருக்கும் அடிமையல்லாதவர், நற்பிறப்பினர் என்ற இரு பொருளும் உண்டு. ‘உரிமைக்குடியர்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் அதில் பிறப்பு விடுபட்டுப்போகிறது. இரண்டையும் தாங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.