ஓட்டுக் கூரைக்கு மேல் நிற்கும் வேப்பங்கொப்பை இறக்க எந்தக் கயிறு ஏற்றது?

உப்புவெளிவாசி (கேள்வி):
எங்கள் வளவில் நிற்கும் பழைய வேம்பின் இரண்டு கொப்புகள் ஓட்டுக் கூரைக்கு மேலாக நீண்டிருக்கின்றன. 2020 டிசெம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதிலிருந்து, காற்றுப் பலமானாலே அம்மாவின் கண் அந்தக் கொப்புகள் மீதுதான் இருக்கிறது. வாடை தொடங்குமுன் அவற்றைத் துண்டு துண்டாகத் தறித்துக் கயிற்றில் இறக்க எண்ணியுள்ளோம். கொப்பின் அடி ஏறத்தாழ ஓரடி விட்டம். கூரைக்கும் அதற்கும் ஆறடிதான் இடைவெளி. மரம் தறிப்பவர் தம்மிடமுள்ள 12 மில்லிமீற்றர் நீலக் கயிறே போதும் என்கிறார். மாமாவோ கப்பல்களில் கழித்த பழைய வடம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். எதை எடுப்பது?

தம்பலகாமத்தான்:
முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். 30 சென்ரிமீற்றர் விட்டமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட பச்சை மரத்துண்டு சுமார் 70 கிலோ இருக்கும். அசையாமல் தொங்கும் 70 கிலோவை எந்தக் கயிறும் தாங்கும். ஆனால் வெட்டுப்பட்ட துண்டு சில அடி விழுந்து சட்டென்று நிறுத்தப்படும்போது கயிற்றில் விழும் இழுவை அந்தப் பாரத்தைப் போலப் பல மடங்காகிவிடும். ஆகவே கப்பியைக் கொப்புக்கு மேலே உறுதியான கவரில் (கிளை பிரியும் இடத்தில்) கட்டி, வெட்டுமுன்பே கயிற்றை இறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். விழும் தூரம் குறைந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கயிறு என்று கேட்டால், இரட்டைப் பின்னல் (உள்ளே ஒரு பின்னல், அதன்மேல் உறைபோல இன்னொரு பின்னல்) பொலியெஸ்டரையே சொல்வேன். நைலோன் பலமானதுதான், அதிர்வையும் நன்றாக உள்வாங்கும். ஆயினும் அது நீளும் அளவுக்கு உங்கள் ஆறடி இடைவெளி இடங்கொடாது, நனைந்தால் பலத்திலும் பத்து வீதத்துக்கு மேல் இழக்கும். நீலக் கயிறு பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். புதிய 12 மில்லிமீற்றர்க் கயிறு ஏறத்தாழ 2,000 கிலோவில்தான் அறுபடும் என்பது உண்மை. ஆனால் முடிச்சு மட்டுமே அதில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ தின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை வெப்பம். பாரத்தை மெல்ல இறக்கக் கயிற்றை அடிமரத்தில் சுற்றி ஓடவிடும்போது உராய்வில் சூடேறும் இந்த இழை 165 பாகை செல்சியசிலேயே உருகும். பொலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டும்வரை நிற்கும். அறுபடும் பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எந்தக் கயிற்றிலும் ஏற்றாதீர்கள்.

திருக்கடலூரான்:
நீலக் கயிற்றை முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. துண்டு சுழலாமலும் சுவரில் மோதாமலும் கீழிருந்து இழுத்துத் திசை காட்ட அது தாராளமாகப் போதும்; தும்புக் கயிறுகூடப் போதும். வெயிலில் கிடந்து வெளிறி, தடவினால் தூளாக உதிர்ந்து விரலைக் குத்தும் கயிறாக இருந்தால் அதற்கும் எடுக்காதீர்கள்.

கப்பல் வடத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், மாமா கோபிக்க வேண்டாம். அது எத்தனை தடவை எவ்வளவு இழுவை கண்டது என்று விற்பவருக்கே தெரியாது. புரியை எதிர்ப்பக்கமாக முறுக்கித் திறந்து பாருங்கள்: உள்ளே மணலும் உப்பும் இழைத் தூளும் தெரிந்தால், வெளிப்புறம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே இழைகள் அரைபட்டுவிட்டன. போதாததற்கு, அந்தத் தடிப்பு உங்கள் கப்பியில் ஓடவும் மாட்டாது.

உப்புவெளிவாசி:
நன்றி. நகரக் கடைகளில் இரட்டைப் பின்னல் கிடைக்கவில்லை. 16 மில்லிமீற்றர் முப்புரி (மூன்று புரிகளை முறுக்கிய) பொலியெஸ்டர் இருக்கிறது. இரண்டு பேர் கையால் பிடித்து இறக்கலாமா?

தம்பலகாமத்தான்:
முப்புரியும் ஆகும். பாரம் ஏறும்போது புரி அவிழ முயல்வதால் துண்டு சுழலும். அதற்குத்தான் மேலே சொன்ன திசைக் கயிறு. கையால் மட்டும் பிடிக்கவே கூடாது. அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுப் போட்டு, பாரம் விழும் பாதைக்கு விலகி நின்று, துண்டு கழன்றதும் சற்றே ஓடவிட்டு மெல்ல மெல்ல இறுக்கி நிறுத்துங்கள். கயிறு கப்பியில் திரும்புவதால் மேலுள்ள கவரில் இழுவை ஏறத்தாழ இரட்டிப்பாகும்; எனவே உக்கிய கவரில் கப்பியைக் கட்டாதீர்கள். ஏறுபவரின் இடுப்புக் கயிறு தனியாக இருக்கட்டும், பாரம் இறக்கிய கயிற்றை ஒருபோதும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வரும் மின்கம்பி அருகில் இருந்தால், மின்சார சபையிடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே வாளை எடுங்கள். நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயும்.